வெயிலுக்குப் பூச்சா, துணியா?

(தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்பது உங்களுக்கு ஓய்வு நாள் அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். துணி துவைக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்குத் தலை பார்க்க வேண்டும். அந்த நாளிலும் எங்களுக்கென்று நேரம் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். வீண் பேச்சுப் பேசி அதைக் கெடுக்க மாட்டோம்.

போன கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி எங்களிடம் வந்து கேட்டார். "மிஸ், வெயிலுக்குப் பூசுற கிறீம் கடையில விலை கூட. தேங்காய் எண்ணெயும் கரட்டும் போட்டு வீட்டுலயே செய்யலாம்னு போன்ல ஒரு வீடியோவுல காட்டுறாங்க. அது சரி வருமா?"

நல்ல கேள்வி. காலையில் பிரட்டுக்கு நின்று, பின்னேரம் கொழுந்து நிறுக்கும் வரைக்கும் வெயிலிலே நிற்கிற ஒருவர் கேட்கவேண்டிய கேள்வி. அன்று அவசரத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே இன்றைய பேச்சு முழுவதும் அதற்கான பதில்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வெயிலைத் தடுக்கிற பூச்சை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் வெயிலைத் தடுக்கிற காப்பை வீட்டில் செய்ய முடியும். அது சட்டியில் கிண்டுகிற காப்பு அல்ல. ஊசியும் நூலும் கொண்டு தைக்கிற காப்பு. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாங்கள் கண்ட ஒரு பிள்ளை

ஒரு தோட்டத்தில் நாங்கள் கண்ட ஒரு பிள்ளையின் கதை இது. பேரும் ஊரும் வேண்டாம். வயது பத்தொன்பது. அண்ணனுக்குக் கல்யாணம் பேசி நாள் குறித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு வருகிற சனம் தன்னைப் பார்த்து "என்னா இப்படிக் கறுத்துப் போயிட்டா" என்று சொல்லக்கூடாதே என்று அந்தப் பிள்ளைக்குக் கவலை. யாரோ சொல்லக் கேட்டு, தேசிக்காயைப் பிழிந்து சீனி கலந்து முகத்திலும் கழுத்திலும் தேய்த்தது. காலையில் தேய்த்துவிட்டு, மேலுக்குத் தண்ணீரால் துடைத்துக்கொண்டு மலைக்குப் போனது. இப்படி மூன்று நாள்.

மூன்றாம் நாள் இரவு முகம் நெருப்பாக எரிந்தது. அடுத்த நாள் கொப்புளம். தேசிக்காய்ச் சாறு கழுத்தில் எப்படி வழிந்ததோ அதே கோடாகக் கொப்புளம் போட்டிருந்தது. வீட்டிலே அம்மை என்றார்கள். பக்கத்துக் காம்பராவில் யாரோ செய்வினை என்றார்கள். டிஸ்பென்சரிக்குக் கூட்டிவரும்போது நான்கு நாள் போய்விட்டது. புண் ஆறியது. ஆனால் அந்த இடமெல்லாம் கரியால் கீறியது போலக் கறுப்பாக நின்றது. அது மங்குவதற்கு மாதக் கணக்கு ஆனது. கல்யாணப் போட்டோவில் அந்தப் பிள்ளை எல்லோருக்கும் பின்னால், முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு நிற்கிறது. அந்த இரண்டு கிழமையில் இழந்த பேர் வேறு.

இது செய்வினை அல்ல. தேசிக்காயிலே, அதுவும் அதன் தோலிலே, ஒரு சத்து இருக்கிறது. அது தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துத்தான் எரியத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வரும். அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. அருவதா இலைச் சாறும் இதே வேலையைச் செய்யும். பிள்ளைகளுக்கு அருவதாவைக் கசக்கிப் பூசுகிற வழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் பாடம்: தேசிக்காய் சோற்றுக்கும் தண்ணிக்கும், முகத்துக்கு அல்ல. விசேஷ வீட்டில் தேசிக்காய் பிழிந்தாலும், சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் வெயிலில் இறங்க வேண்டும்.

குளிருகிற மலையிலே வெயில் சுடுமா?

"கொழும்புல சுடுற மாதிரியா இங்க சுடுது? இங்கதான் குளிருதே" என்று நீங்கள் நினைக்கலாம். இந்த இடத்தில்தான் நாம் ஏமாறுகிறோம்.

வெயிலில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று சூடு. அது உடம்புக்குத் தெரியும். மற்றது கழியூதாக் கதிர். அது கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் தெரியாது. தோலை வாட்டுவதும் கறுக்கவைப்பதும் சுருங்கவைப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். மலை ஏற ஏறச் சூடு குறையும். ஆனால் இந்தக் கதிர் கூடும். 1,000 மீற்றர் உயர்ந்தால் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடும் என்பது கணக்கு. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் மேகமில்லாத நாளில் கடற்கரையில் நிற்பவரைவிட நுவரெலியாவில் கொழுந்து எடுக்கிறவருக்குத்தான் இந்தக் கதிர் கூடுதலாகப் படுகிறது. காற்றும் குளிரும் அதை மறைத்துவிடுகின்றன.

ஜனவரி, பெப்ரவரி மாதங்களை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் பனி கொட்டிக் கொழுந்தே கருகிக் கிடக்கும். கை விறைக்கும். பத்து மணிக்கெல்லாம் வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருக்கும். அந்த மாதம் முகம் வறண்டு தோல் உரிகிறது அல்லவா? நாம் "பனி அடிச்சிருச்சு" என்று சொல்கிறோம். பனிக்கும் காற்றுக்கும் அதில் பங்கு உண்டு. வெயிலுக்கும் பங்கு உண்டு.

இன்னும் இரண்டு காலத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் 5 முதல் 15 வரை, அதாவது சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி, சூரியன் நம் நாட்டுக்கு நேர் உச்சியில் வருகிறது. மறுபடி ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் வருகிறது. ஊவாப் பக்கத்துத் தோட்டங்களில் அது காய்ச்சல் காலமும்கூட. மேகம் மூடின நாளிலும் முழுக்கத் தப்பிவிட்டோம் என்று எண்ண வேண்டாம். மெல்லிய மேகத்தைத் தாண்டி அந்தக் கதிரில் பெரும் பங்கு இறங்கிவிடும்.

இதை அளக்க மெசின் வேண்டாம். உங்கள் நிழலே போதும். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் வெயில் இளசு. நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் முற்றிவிட்டது, மூடிக்கொள்ள வேண்டும். காலை 10 மணியிலிருந்து பகல் 2 மணிக்குள்தான் ஒரு நாளின் கதிரில் பாதிக்கு மேல் வந்து சேருகிறது. கவ்வாத்து வெட்டின மலையில் இந்த நேரத்தில் நிற்பவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

குளிர்ச்சி வேறு, காப்பு வேறு

இனிப் பூச்சுக்கு வருவோம். எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி எழும்பி, "நாங்க பூசாத மஞ்சளா? எங்க முகம் என்னா கெட்டா போச்சு?" என்று கேட்டார். பாட்டி கேட்டது நியாயம். மஞ்சளையும் சந்தனத்தையும் நாங்கள் குறை சொல்ல வரவில்லை. அவை நம் வழக்கம், நம் அழகு. ஆனால் அவை என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து பூச வேண்டும்.

மஞ்சள்: பூசினால் முகத்துக்கு ஒரு களை. வெயிலைத் தடுக்காது. சிலருக்கு அரிப்பும் வரும்.

சந்தனம்: அரைத்துப் பூசினால் ஜில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சி ஈரம் காய்வதனால் வருவது. காய்ந்தபின் தடிப்பாக இருக்கும் வரைக்கும் ஏதோ கொஞ்சம் மறைக்கும். வியர்வை வந்ததும் கோடு கோடாக வழிந்துவிடும். அதை நம்பி நாள் முழுக்க நிற்க முடியாது.

தக்காளி, வெள்ளரிக்காய், தயிர்: சாப்பிடுங்கள். பிள்ளைக்கும் கொடுங்கள். முகத்தில் பூசுவதால் வெயில் நிற்காது.

கரட்: எண்ணெயில் காய்ச்சினால் எண்ணெய் நிறம் மாறும். நிறம் மாறியதால் வெயிலைத் தடுக்கும் என்று நினைக்கக்கூடாது.

தேங்காய் எண்ணெய்: இதைப் பற்றித்தான் பேச்சு அதிகம். வெயில் கிறீம்களின் மேல் ஓர் எண் போட்டிருப்பார்கள். 30 என்று போட்டிருந்தால், தோலைச் சிவக்கவைத்துச் சுடுகிற கதிரில் முப்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும் என்று பொருள். அதுவும் சரியான அளவு பூசியிருந்தால்தான். டொக்டர்மார் 30 அல்லது அதற்கு மேலே பூசச் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெயை 2010ஆம் ஆண்டு இந்தியாவில் ஆய்வுகூடத்தில் அளந்தபோது ஏறக்குறைய 7 என்ற எண்தான் வந்தது. அதுவும் ஆளின் தோலில் பூசி அளந்தது அல்ல; எண்ணெயைக் கரைத்துக் கருவியில் வைத்து அளந்தது. மலையில் வியர்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு நிற்கிற நமக்கு அந்த ஏழும் நிற்காது.

சில வீடியோக்களில் "சிங்க் ஒக்சைட்" என்ற வெள்ளைத் தூளை வாங்கி எண்ணெயில் கலக்கச் சொல்கிறார்கள். கடைக் கிறீமிலும் அந்தப் பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் தொழிற்சாலையில் அதை மிக நுணுக்கமாக, ஒரே சீராகக் கலந்து, பிறகு அளந்து பார்த்துத்தான் எண் போடுகிறார்கள். நாம் கரண்டியால் கலக்கும்போது தூள் கட்டி கட்டியாக நிற்கும். பூசினால் ஓர் இடத்தில் இருக்கும், பக்கத்து இடத்தில் இருக்காது. ஓட்டைக் கூரைக்குக் கீழே நிற்பது போலத்தான். ஓட்டை எங்கே என்று கண்ணுக்கும் தெரியாது. போதாததற்கு அந்தத் தூளைக் கலக்கும்போது மூச்சில் இழுத்துவிடுவோம்.

பூச்சு பூசுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. "நான்தான் பூசியிருக்கேனே" என்ற தைரியத்தில் தலைத்துண்டைக் கழற்றிவிடுவோம். குளிர்ச்சியைக் காப்பு என்று நம்புவதால் வருகிற கேடு இது.

துணிதான் நம் வீட்டுக் காப்பு

இனிச் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். நம் பாட்டிமார் கொங்காணி போட்டார்கள், முக்காடு போட்டார்கள், படங்கு கட்டினார்கள். மழைக்கும் குளிருக்கும் முள்ளுக்கும் என்று கட்டினாலும் வெயிலுக்கும் அதுவே காப்பாக இருந்தது. அந்த வழியைத்தான் கொஞ்சம் திருத்திச் சொல்லப் போகிறோம்.

எல்லாத் துணியும் ஒன்றல்ல. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் பொத்தல் பொத்தலாகத் தெரிந்தால் வெயிலும் அந்த வழியாகவே வரும். நெசவு நெருக்கமான துணி நல்லது. கடும் நிறத் துணி வெளிர் நிறத்தைவிடக் கூடுதலாகத் தடுக்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீ-சேட் உலர்ந்திருக்கும்போது ஏறக்குறைய 7 அளவுக்குத் தடுக்கும். நனைந்துவிட்டால் 3 அளவுக்கு இறங்கிவிடும். பழைய ஜீன்ஸ் துணியோ அநேகமாக முழுவதையும் தடுத்துவிடும். மெல்லிய நைலோன் சேலைத் தலைப்பை ஒற்றையாகப் போட்டால் போதாது. இரண்டு மூன்று மடிப்பாகப் போட வேண்டும்.

முன் விளிம்பு வைத்த தலைத்துண்டு

அகல விளிம்புத் தொப்பி போடுங்கள் என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் கூடைக் கயிறு தலையில் இருக்கும்போது தொப்பி எங்கே நிற்கப்போகிறது? கயிறு அழுத்தித் தொப்பி கண்ணுக்குமேல் வந்து விழும். அதனால் கயிற்றுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒன்று தைக்கலாம்.

1. இரண்டு அங்குல அகலத்தில் ஒரு பட்டி வெட்டிக்கொள்ளுங்கள். நெற்றியிலிருந்து தலையைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போடுகிற அளவுக்கு நீளம் வேண்டும்.

2. பழைய ஜீன்ஸ் காலிலிருந்து பிறைநிலா வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். நீளம் 10 அங்குலம். நடுவில் அகலம் 3 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. தையலுக்கு அரை அங்குலம் கூட விட்டுக்கொள்ளுங்கள்.

3. இரண்டையும் ஒன்றாக வைத்து, ஐந்தாறு வரிசை நெருக்கமாகத் தையல் ஓட்டுங்கள். இந்தத் தையலினாலேயே அது விறைப்பாக நிற்கும். அட்டை வைக்க வேண்டாம், மழையில் ஊறிப்போகும். கீழ்ப்பக்கம் கடும் நிறமாக இருந்தால் கண் கூசுவது குறையும்.

4. இந்தப் பிறையைப் பட்டியின் முன்பக்கத்தில், நெற்றிக்கு நேராகத் தைத்துவிடுங்கள்.

5. அதே பட்டியின் பின்பக்கத்தில், ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும், 12 அங்குல நீளத்தில் ஒரு திரைத்துணி தொங்கவிடுங்கள். பிடரியும் காதும் கழுத்தின் பக்கங்களும் இதனால் மறையும்.

6. தலையில் கட்டிக்கொண்டு, அதன்மேல் வழக்கம்போல மடித்த துணியை வைத்துக் கூடைக் கயிற்றைப் போடுங்கள். கயிறு உச்சியில் உட்காரும். விளிம்பு அதற்கு முன்னால் நிற்கும்.

மம்பட்டி வேலையும் கவ்வாத்து வேலையும் செய்கிற அண்ணன் தம்பிமார் இந்தப் பட்டியையே கட்டிக்கொள்ளலாம். அவர்களுக்குக் கூடைக் கயிறு இல்லை என்பதால் சுற்றிலும் 3 அங்குல விளிம்புள்ள தொப்பியும் சரி வரும். சும்மா முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கேப் தொப்பி காதையும் பிடரியையும் மறைக்காது.

கைக்கு உறை

பழைய நீளக் கைச் சேட்டுகளின் கையை அக்குளோடு வெட்டி எடுங்கள். மேல் பக்கத்தில் இறுக்கமில்லாத இலாஸ்டிக் ஓட்டுங்கள். மணிக்கட்டுப் பக்கத்தில், பெருவிரல் நுழைகிற மாதிரி ஒரு சின்ன வளையம் தைத்துவிடுங்கள். கொழுந்து எடுக்கிற வேகத்தில் கை மேலே ஏறாது, புறங்கையும் மறையும். தொளதொளவென்று இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் வெக்கை தாங்காது. இரண்டு சோடி தைத்துக்கொண்டால், மழையில் நனைந்தபின் மாற்றிக்கொள்ள ஒன்று இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மருந்தடிக்கிற வேலைக்குப் போட்ட துணியை இதற்குப் போடக்கூடாது. அதை வேறாக வைத்து, வேறாகத்தான் துவைக்க வேண்டும்.

மூடிக் கட்டினால் தாகம் கூடும். தண்ணிப் போத்தல் இல்லாமல் மலைக்குப் போகாதீர்கள். தலை சுற்றல், வாந்தி வருவது போல் இருத்தல், கண் இருட்டல் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் நிழலுக்கு வந்து துணியைத் தளர்த்தித் தண்ணீர் குடிக்க வேண்டும். பக்கத்து நிரையில் நிற்பவருக்கும் சொல்லிவிடுங்கள்.

வெந்த பிறகு என்ன செய்வது?

வீட்டு வைத்தியத்துக்கு இடமுண்டு. அது வெயில் பட்ட பிறகு.

முகமோ கையோ எரிந்தால் பச்சைத் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுங்கள். நாளில் நாலைந்து தடவை செய்யலாம். ஐஸ் கட்டியை நேராக வைக்க வேண்டாம். கற்றாழை வைத்திருப்பவர்கள் ஒரு மடலை வெட்டி, மஞ்சளாக வடிகிற பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் பூசலாம். அந்த மஞ்சள் பால் அரிப்பு உண்டாக்கும். முதலில் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தோல் உடைந்த இடத்தில் பூச வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்க்கும் இடமுண்டு. எரிவு அடங்கிய பிறகு, இரவில் முகம் கழுவி ஈரம் காயும் முன் கொஞ்சமாகத் தடவினால் வறட்சி குறையும். புதிதாக வெந்த இடத்தில் எண்ணெய், பட்டர், பற்பசை எதுவும் வைக்கக்கூடாது. கொப்புளத்தை உடைக்கக்கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தாலும், காய்ச்சல் வந்தாலும், கண் வலித்தாலும், வெந்தது குழந்தையாக இருந்தாலும் அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.

கூடுதல் கவனம் வேண்டியவர்கள்

பிள்ளைகள்: ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தையின் தோல் மிக மெல்லியது. நிழலும் துணியும்தான் அதற்கு மருந்து. எண்ணெய் பூசி உச்சி வெயிலில் கிடத்துவது வேண்டாம்.

கர்ப்பிணிகள்: பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும், சிலருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கும்போதும் கன்னத்தில் மங்கு விழும். வெயில் அதை இன்னும் கறுக்கவைக்கும். முகத்தை மறைப்பதுதான் முதல் வைத்தியம். தேமல் வேறு. அதற்கு டிஸ்பென்சரியில் மருந்து உண்டு.

வெண்புள்ளி உள்ளவர்கள், பிறவியிலேயே உடம்பு முழுக்க வெள்ளையாகப் பிறந்த பிள்ளைகள்: நம் தோலின் கறுப்பு நிறம் இயற்கை தந்த ஒரு குடை. இவர்களுக்கு அந்தக் குடை இல்லை. வெயில் இவர்களைச் சீக்கிரம் சுடும். பிறவியிலேயே வெள்ளையாக உள்ள பிள்ளைகளுக்குத் தோலில் புற்றுநோய் வரவும் இடமுண்டு. கண் பார்வையும் குறைவாக இருக்கும். அந்தப் பிள்ளையை ஒளித்து வைக்காதீர்கள். தோல் கிளினிக்குக்கும் கண் கிளினிக்குக்கும் கூட்டிப்போங்கள். துணியோடு சேர்த்து, எண் போட்ட நல்ல வெயில் கிறீமும் இவர்களுக்குத் தேவை. வீட்டில் காசு இருந்தால் அதை முதலில் இவர்களுக்குச் செலவழிப்பதே சரி.

மருந்து எடுப்பவர்கள்: பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும், டொக்சிசைக்கிளின் போன்ற சில மருந்துகளும் தோலை வெயிலுக்கு இளகவைக்கும். மருந்தை நிறுத்த வேண்டாம். கொடுத்தவரிடம் கேட்டு, வெயிலுக்கு மூடிக்கொள்ளுங்கள்.

கண்: வருடக் கணக்காக வெயிலில் நிற்பவர்களுக்குக் கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதுண்டு. கண்புரைக்கும் வெயில் ஒரு காரணம். நெற்றியில் நிற்கிற அந்த 3 அங்குல விளிம்பு கண்ணுக்கும் நிழல்.

வெள்ளையாவதற்கு அல்ல

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் போனால் எங்கள் பேச்சு பாதிதான்.

பூச்சைத் தேடி வருகிற பல பிள்ளைகள் வெயிலுக்குப் பயந்து வருவதில்லை. "கறுப்பி" என்ற பேச்சுக்குப் பயந்து வருகிறார்கள். தேசிக்காய் தேய்த்த அந்தப் பிள்ளையும் அப்படித்தான். அந்தப் பயத்தைக் காசாக்குகிற கிறீம்களும் சந்தையில் உண்டு. செய்தவர் பேரும் இல்லாமல், என்ன கலந்தது என்ற விவரமும் இல்லாமல் விற்கிற வெண்மைக் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருப்பதை உலகத்தில் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் பாதிக்கும். இன்னும் சிலவற்றில் டொக்டர் எழுதித் தரவேண்டிய ஸ்டிரொய்ட் மருந்து கலந்திருக்கும். ஒரு மாதம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து சிவந்து, வெயிலே தாங்காமல் போகும். போனில் படம் பார்த்து இப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

நாங்கள் தைக்கச் சொல்கிற துணி, யாரையும் வெள்ளையாக்குவதற்கு அல்ல. தோல் வேகாமல் இருப்பதற்கு. கறுப்பு என்பது நோய் அல்ல. அதற்கு மருந்தும் தேவையில்லை. பெண் பார்க்க வருகிற வீட்டாருக்கும், "கறுத்துட்டா" என்று வாய் தவறிச் சொல்கிற அத்தைமாருக்கும், ஏன், மகளைப் பார்த்துச் சொல்கிற அம்மாமாருக்கும் இதை அன்போடு சொல்கிறோம். உங்கள் ஒரு சொல்தான் அந்தப் பிள்ளையின் கையில் தேசிக்காயைக் கொடுக்கிறது.

நாம் சேர்ந்து செய்யக்கூடியது

துணி தைப்பது உங்கள் கையில் இருக்கிறது. நிழல் உங்கள் கையில் மட்டும் இல்லை. மலையில் ஒதுங்கி நிற்க ஒரு கொட்டில், குடிக்கச் சுத்தமான தண்ணீர், உச்சி நேரத்தில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட நேரம், பட்டுப்போன நிழல் மரத்துக்குப் பதிலாக ஒரு கன்று: இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. தேயிலைக்கே நிழல் மரம் வேண்டுமென்று நட்டு வளர்க்கிறார்கள். தேயிலையை எடுக்கிற கைக்கும் அது வேண்டும்தானே? உங்கள் மாதர் சங்கத்தின் மூலமாகவும் தலைவர்மார் மூலமாகவும் இதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், நாங்கள் வருகிறோம்.

அடுத்த கூட்டத்தில் பேச்சு இல்லை, வேலைதான். வருகிறபோது ஒரு பழைய ஜீன்ஸ், ஒரு பழைய நீளக் கைச் சேட்டு, ஊசி, நூல் கொண்டு வாருங்கள். கத்தரிக்கோலும் அளவு நாடாவும் நாங்கள் கொண்டு வருகிறோம். தைக்கத் தெரிந்த அக்காமார் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மஞ்சள் பூசிய பாட்டி முன்வரிசையில் உட்கார வேண்டும். கொங்காணியை எப்படிக் கட்டினால் காற்றுக்குப் பறக்காது என்பதை அவரிடம்தான் நாங்கள் படிக்கப் போகிறோம்.